'நில்' என்பதற்கு அடுத்த பக்கம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தாத்தா மதராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தில் பாலமும் ரோடும் போடும் படைப்பிரிவு) சேர்ந்து 1943-லிருந்து பர்மாப் போரில் இருந்தவர். பர்மாக்காரர்களைப் பற்றி ஒரு நாள் "அவங்கள நம்பவே கூடாதுப்பா" என்பார், இன்னொரு நாள் "எங்க பர்மாக்காரங்க" என்று உருகுவார். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு பேச்சு? போர் நடக்க நடக்க அந்நிய நாட்டுச் சாதாரண ஜனங்கள்மேல் சிப்பாய்க்கு வெறுப்பு கூடுமா, குறையுமா? இப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் தாத்தாவின் இரண்டு பேச்சில் எது உண்மையான தாத்தா என்று தெரிந்துகொள்ளத்தான் விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே அவர்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, டெபுடேஷனில் ஆர்மி போஸ்டல் சர்வீஸுக்குப் போய், பதினோரு வருடம் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ்களில் முத்திரை குத்தியவன். முகவரியில் '56 ஏபிஓ' என்று எழுதுவீர்களே, அந்த எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன். கடிதத்தைப் பிரித்துப் படிப்பது எங்கள் வேலை இல்லை. ஆனால் மணியார்டர் ஃபாரம் நிரப்பத் தெரியாதவர்கள், வீட்டிலிருந்து தகவல் வராமல் தவிப்பவர்கள், சும்மா தமிழில் பேச ஆள் தேடுபவர்கள் எல்லோரும் கவுன்ட்டருக்குத்தான் வருவார்கள். ஓய்வுக்குப் பிறகு முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைப் படிக்க ஆரம்பித்து, பதினைந்து வருடமாக அதிலேயே கிடக்கிறேன். அதனால் அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். மற்றதில் எது அனுமானமோ அதை அனுமானம் என்றே சொல்கிறேன்.

இந்த விஷயத்தை நான் முதலில் யோசித்தது ஒரு பாக்கெட் நோட்டைப் பார்த்துத்தான். ஐ.நா. அமைதிப்படையில் கிழக்குக் காங்கோவுக்குப் போய்விட்டு வந்த ஒரு நாயக் (ராணுவத்தில் ஒரு பதவி), நம்ம தென் மாவட்டத்துக்காரர், மணியார்டருக்கு முகவரி தேடும்போது அந்த நோட்டைக் கவுன்ட்டர் மேல் வைத்தார். உள்ளே சுவாஹிலிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் 'சிமாமா – நில்', 'காச்சீனி – உட்கார்', 'சிலாஹா – ஆயுதம்'. அதெல்லாம் கிளம்பும் முன் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது என்றார். அடுத்த பக்கத்தில் மை வேறு. 'மாஜி – தண்ணீர்', 'பேய் கானி – என்ன விலை'. அதற்கும் அடுத்த பக்கத்தில் 'ஹோமா – காய்ச்சல்', 'தாதா – அக்கா', 'மாமா – அம்மா', 'போலே – ஐயோ பாவம்'. மாமா என்றால் அங்கே அம்மா, தாதா என்றால் அக்கா என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "சார், முதல் பக்கம் வச்சு ரெண்டு மாசம் ஓட்டினேன். அப்புறம் ஒரு காய்கறிக்காரம்மா என்னை மகனேன்னு கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு" என்றார். சரி, அவர் போனது போருக்கு இல்லை, காவலுக்கு. ஆனாலும் அந்த நோட்டின் பக்க வரிசை என் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சிப்பாயின் கடிதத்தைப் படித்தாலும் இவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்றுதான் பார்க்கிறேன். கட்டளை போடும் பக்கத்திலா, விலை கேட்கும் பக்கத்திலா, உறவு சொல்லும் பக்கத்திலா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூடுமா குறையுமா என்பதற்கு ஒற்றை விதி கிடையாது. ஆனால் ஒரு விஷயம் நன்றாகவே ஆதாரப்பட்டது: மொத்தமான வெறுப்பு களத்தைவிடத் தூரத்தில்தான் அதிகம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஒரு ஆய்வுப் பிரிவு வைத்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கியது. ஜப்பானிய இனத்தையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று சொன்னவர்களின் விகிதம், பசிபிக்கில் ஜப்பானியரோடு நேரில் மோதிக்கொண்டிருந்தவர்களைவிட, ஜப்பானியர் ஒருவரைக்கூடப் பார்த்திராத ஐரோப்பியக் களத்து வீரர்களிடமும் ஊரில் பயிற்சி முகாமில் இருந்தவர்களிடமும் அதிகமாக இருந்தது. பசிபிக்கில் இருந்தவர்கள் அன்பு மயமாகிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களிடமும் வெறுப்பு நிறையவே இருந்தது. சிப்பாய் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகும் வெறுப்பு போஸ்டரில் பார்த்த உருவத்தின் மேல் உள்ளது. களத்தில் அந்த உருவம் உடைகிறது. உடைந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதை, அவன் அந்த ஜனங்களை எந்த நிலையில் சந்திக்கிறான் என்பதுதான் முடிவு செய்கிறது.

இதைக் கூர்ந்து பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் 1914-18 பிரான்ஸ். ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. (குண்டு போட்டவனைத் திட்டாமல், 'அவன் பெரிய எம்டன்' என்று அவன் பெயரையே கெட்டிக்காரனுக்குப் பட்டமாக வைத்துக்கொண்ட ஊர் நம் ஊர். அது ஒரு தனிக் கதை.) அதற்கு நாலாவது நாள், செப்டம்பர் 26-ஆம் தேதி, இந்தியப் படையின் முதல் அணிகள் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. போர் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியர்கள் மேற்குக் களத்துக்குப் போனார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டாணியர்கள், கூர்க்காக்கள், கடுவாலிகள். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போனது மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு. காலாட்படை 1915 கடைசியில் பிரான்ஸை விட்டுக் கிளம்பிவிட்டது. குதிரைப்படை மட்டும் 1918 வசந்தம் வரை அங்கேயே இருந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

இவர்கள் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்ததே ஒரு தபால்காரன் கதை. பூலோன் நகரில் கேப்டன் ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் கீழ் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. 1915 மார்ச் வாக்கில் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள். தணிக்கைக்காரர்கள் அதில் கொஞ்சம் எடுத்துப் படித்து, முக்கியம் என்று பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது அந்த அறிக்கைகள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. நிறையப் பேருக்கு எழுதத் தெரியாது, எழுத்தர் எழுதினார். ஊரில் வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ உரக்கப் படித்தார்கள். ஆகவே கடிதம் ஒன்று எழுதி முடிந்து போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் காதில் விழுந்துவிடும். தணிக்கை இருப்பதும் சிப்பாய்களுக்குத் தெரியும். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, இப்போது சிவப்பு மிளகாய் அனுப்புகிறார்கள் என்று இந்தியர்களையும் வெள்ளைக்காரர்களையும் குறித்து எழுதியதெல்லாம் அதனால்தான். இன்னொன்றும் உண்டு: போரைக் குறை சொன்னால் வம்பு, பிரெஞ்சு ஜனங்களைப் புகழ்ந்தால் வம்பில்லை. அதனால் கடிதங்களில் பிரான்ஸ் இவ்வளவு அழகாகத் தெரிவதில் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிக்க வேண்டும். நானும் போட்டுத்தான் படிக்கிறேன்.

தள்ளுபடி போட்ட பிறகும் மிஞ்சுவது நிறைய. ஆரம்பக் கடிதங்களில் வருவது பிரமிப்பு. சொர்க்கம், தேவலோகம், கட்டடம், கடை வீதி. மார்சேயில் பூவும் பழமும் கொடுத்து வரவேற்றார்கள் என்ற பெருமை. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எந்த ஊரும் சொர்க்கம்தான். அடுத்த ஆறு மாதக் கடிதங்களில் பிரெஞ்சு ஜனங்களே அநேகமாகக் காணாமல் போகிறார்கள். குளிர், சேறு, குண்டு. இது போர் இல்லை, உலகத்தின் அழிவு என்று ஒருவர் எழுதினார். மகாபாரதத்தோடு ஒப்பிட்டவர்கள் பலர். 1915 மார்ச்சில் நவ் ஷபெல் கிராமத்துக்காக நடந்த சண்டையில் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். பதுங்குகுழிக்குள் இருப்பவனுக்கு அந்த நாட்டு ஜனங்கள் கிடையாது. முன்னால் எதிரி, பின்னால் கூடாரம், அவ்வளவுதான்.

ஜனங்கள் திரும்பிவருவது குதிரைப்படைக்காரர்களின் கடிதங்களில், 1916-க்குப் பிறகு. காரணம் ரொம்பச் சாதாரணமானது. எதிரியின் வரிசை உடைந்தால் பாய்ந்து போகலாம் என்று குதிரைப்படையை மாதக்கணக்கில் பின்னால் காத்திருக்க வைத்தார்கள். குதிரைக்கு லாயம் வேண்டும், வைக்கோல் வேண்டும், தண்ணீர் வேண்டும். அது பண்ணை வீடுகளில்தான் கிடைக்கும். அதனால் சிப்பாய்களை வட பிரான்ஸில் பிக்கார்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் பிரித்துத் தங்க வைத்தார்கள். நம் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பஞ்சாபில் ஏர் பிடித்தவன் பிக்கார்டியில் ஒரு விவசாயியின் களஞ்சியத்தில் படுக்கிறான். காலையில் எழுந்தால் கண்ணில் படுவது அவனுக்கு அத்துப்படியான உலகம்: மாடு, எரு, அறுவடை, மழை வருமா வராதா என்ற கவலை. வித்தியாசம் ஒன்றுதான், ஏர் ஓட்டுவது பெண். ஏனென்றால் பிரான்ஸில் படைக்குப் போகும் வயதிலிருந்த ஆண்களில் பெரும்பாலோர் 1914 ஆகஸ்டிலிருந்தே படைக்குப் போய்விட்டார்கள். அறுவடையைப் பெண்களும் பிள்ளைகளும் முடிக்க வேண்டும் என்று பிரதமர் விவியானி அந்த மாதமே வேண்டுகோள் விட்டார்.

இதைப் பலர் கவனிப்பதில்லை. சிப்பாய் பார்க்கும் அந்நிய ஜனங்கள் என்பது எப்போதுமே பாதி ஜனங்கள். இளவட்ட ஆண்களைக் கழித்துவிட்டு மிஞ்சிய ஊர். கிழவிகள், கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். 'பிரெஞ்சுக்காரர்கள் எவ்வளவு பொறுமைசாலிகள், எவ்வளவு உழைப்பாளிகள், சண்டை சச்சரவே இல்லை' என்று அவன் எழுதுவது உண்மையில் அந்தப் பாதியைப் பற்றி. அமைதிக் காலத்தில் அதே கிராமத்தில் வரப்புத் தகராறு பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பான் என்பது என் ஊகம்.

எனக்கு மறக்காத கடிதம் ஒரு பஞ்சாபி முஸ்லிம் வீரருடையது. மூன்று மாதம் ஒரு அம்மாள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த அம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். ஒருவன் செத்துவிட்டான், ஒருவன் காயம்பட்டுக் கிடக்கிறான், ஒருவன் பதுங்குகுழியில். மூன்று மாதமும் தினமும் இவருக்குப் படுக்கை போட்டுத் தந்து, பூட்ஸைக்கூடப் பளபளக்கத் துடைத்து வைத்திருக்கிறார். பிள்ளையை நினைத்து ஒரு நாளும் இவர் எதிரில் கலங்கவில்லை. இவருக்கு உத்தரவு வந்து கிளம்பும் நாளில் தோளில் சாய்ந்து அழுதாராம். வழிச்செலவுக்கு என்று ஐந்து பிராங்கைக் கையில் திணித்தாராம். ஊரை விட்டுப் போகிறவன் கையில் பணத்தைத் திணிக்கும் கிழவி எந்த நாட்டுக்காரி என்று நாம் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? எழுதியவரும் கேட்கவில்லை. அவர் சொல்லவந்தது வேறு. இப்படிப்பட்ட மனத்திண்மையை நம் ஊரில் பார்க்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி.

இந்தக் கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்த மாற்றமும் இதுதான். அந்நியரைப் பற்றிய பார்வை மாறியது ஒரு பங்கு என்றால், தன் ஊரைப் பற்றிய பார்வை மாறியது இரண்டு பங்கு. இங்கே பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிகிறது, கணக்கு வைத்துக் கடை நடத்துகிறார்கள், நீங்களும் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஒன்றல்ல, பல கடிதங்கள் சொல்கின்றன. நகையில் பணத்தைப் போடாதீர்கள், கல்யாணத்துக்குக் கடன் வாங்காதீர்கள் என்று உபதேசம். இன்னொன்றும் தெரிகிறது, அடக்கி வாசித்தபடி: பிரெஞ்சுக்காரர்கள் தங்களைச் சமமாக நடத்துகிறார்கள். யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, தணிக்கை அதிகாரிக்கே புரிந்திருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு எத்தனை பேர் மகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதை இந்தக் கடிதங்களை வைத்துச் சொல்ல முடியாது. கடிதம் அனுப்பிய அன்று அவன் என்ன நினைத்தான் என்பதோடு அவற்றின் சாட்சியம் முடிந்துவிடுகிறது.

எல்லாம் தாய்ப்பாசமாகவே இருந்தது என்று நினைக்கவும் வேண்டாம். இளம் பெண்களைப் பற்றிப் பெருமையடித்து எழுதிய கடிதங்கள் நிறைய. அவற்றில் பலவற்றைத் தணிக்கை நிறுத்தி வைத்தது. வெள்ளைக்காரப் பெண்களோடு பழகினால் ஆட்சியின் 'மரியாதை' போய்விடும் என்ற பயம் அதிகாரிகளுக்கு. காதலும் ஒன்றிரண்டு கல்யாணங்களும் நடந்தன. வெறும் வேட்டைப் பேச்சும் இருந்தது. அதே சிப்பாய் வீட்டுக்கார அம்மாளை அம்மா என்றும், தெருவில் போகும் பெண்ணைச் சரக்கு என்றும் ஒரே கடிதத்தில் எழுதக்கூடியவன். இதை மழுப்பிவிட்டு அழகான பக்கத்தை மட்டும் காட்டும் நூற்றாண்டு விழாப் பேச்சுகள் எனக்கு அலுப்பூட்டுகின்றன.

பழக இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே போர்க்காலத்து இங்கிலாந்தே உதாரணம். பிரைட்டன் ஊரில் ராஜ மாளிகையையே, ராயல் பெவிலியனை, 1914 டிசம்பரிலிருந்து இந்தியக் காயக்காரர்களுக்கு மருத்துவமனையாக்கினார்கள். சாதி, மதம் பார்த்துத் தனித்தனிச் சமையல், தனித்தனித் தண்ணீர். உபசாரத்தில் குறையில்லை. ஆனால் அதே ஊரில் இருந்த கிச்சனர் மருத்துவமனையில் முள்வேலியும் காவலும் போட்டு, அனுமதி இல்லாமல் வெளியே போகவிடாமல் வைத்தார்கள். அங்கிருந்து போன கடிதங்களில் ஊரின் அழகு உண்டு, ராஜாவின் கருணை உண்டு, கூடவே நாங்கள் கைதிகள் மாதிரி இருக்கிறோம் என்ற முனகலும் உண்டு. பெயர் சொல்லும்படி ஒரு பிரைட்டன்காரர் அநேகமாக இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு உறவு எப்படி வரும்?

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மெசபடோமியா. அங்கேயும் இந்தியச் சிப்பாய்தான், காலமும் அதேதான், எதிரி துருக்கி. ஆனால் அரபு ஊர்க்காரர்களைப் பற்றி அந்தக் களத்திலிருந்து வந்த பேச்சில் சந்தேகமும் கசப்பும்தான் மிகுதி. விழுந்து கிடந்தவர்களைக் கொள்ளையடித்தார்கள், இன்று நமக்கு நாளை துருக்கிக்கு என்று இருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கொள்ளை நடந்தது உண்மை. ஆனால் ஊர்க்காரர் நிலையையும் பாருங்கள். 1915 டிசம்பரில் துருக்கியர்கள் தொடங்கிய கூட் நகர முற்றுகையில் பிரிட்டிஷ் இந்தியப் படையோடு சேர்ந்து சுமார் 6,000 ஊர் ஜனங்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று படை சரணடைந்ததும், பிரிட்டிஷாருக்கு உதவியவர்கள் என்று சொல்லித் துருக்கியர்கள் அவர்களில் சிலரைக் கொன்றார்கள். இரண்டு படைக்கும் தானியம் கொடுக்க வேண்டும், எந்தப் படை ஜெயித்தாலும் உதை வாங்க வேண்டும் என்ற ஊரில் யார் எந்தப் படைக்கு விசுவாசமாக இருப்பார்? இதைக் காவலுக்கு நிற்கும் சிப்பாய் யோசிக்க மாட்டான். அவன் நோட்டில் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதே களத்தில், பிடிபட்டுக் கைதியான வங்காள ஆம்புலன்ஸ் படைக்காரர் சிசிர் பிரசாத் சர்வாதிகாரி, பிறகு துருக்கியர் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது நோயாளிகளாகக் கிடந்த துருக்கியச் சிப்பாய்களோடு நண்பராகிவிட்டார். எதிரி நாட்டில் கைதி, ஆனால் தினமும் பக்கத்துக் கட்டில்.

யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலைத் தமிழில் எழுத முடியாது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கிய இந்தியப் படையை ஊர் ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை வெடித்தது. அக்டோபர் 21 அன்று யாழ் மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் இந்தியப் படையின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மூன்றே மாதம். அந்த மூன்று மாதத்தில் ஜனங்கள் மாறிவிடவில்லை. சாரம் (லுங்கி) கட்டிய ஒருவன் போராளியா, மீன்காரனா என்று சிப்பாய்க்குத் தெரியாமல் போனதுதான் மாறியது. அந்த நிலை வந்துவிட்டால் சந்தேகம் குழந்தை வரைக்கும் போகும். சிப்பாயை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, செத்தவர்களுக்கு இந்த விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை. அங்கே சோதனைச்சாவடியில் நின்ற தமிழ்ச் சிப்பாய்கள் இரண்டு மூன்று பேரைப் பிற்காலத்தில் கவுன்ட்டரில் சந்தித்திருக்கிறேன். ஒருவர் மட்டும், "அவங்க நம்மளப் பாத்து தமிழ்ல பேசறதையே நிறுத்திட்டாங்க சார்" என்றார். மற்றவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு மூன்று பேரை வைத்து ஒரு படையைப் பற்றிப் பேச மாட்டேன்.

கூட்டாளி யார், எதிரி யார் என்பதைவிட யாரோடு அன்றாடப் புழக்கம் என்பதே பார்வையைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கொஞ்சம் வேடிக்கையான சாட்சி ஒன்றும் உண்டு. 1944 செப்டம்பரில் ஜெர்மனிக்குள் நுழைந்த அமெரிக்க வீரர்களுக்கு, ஜெர்மன் ஜனங்களோடு கைகுலுக்கக்கூடக் கூடாது, மீறினால் 65 டாலர் அபராதம் என்று உத்தரவு. முதலில் உடைந்தது குழந்தைகள் விஷயத்தில்தான். 1945 ஜூனில் சிறு பிள்ளைகளோடு பேசலாம் என்று தளர்த்தினார்கள், அக்டோபருக்குள் தடையே ஏறக்குறைய போய்விட்டது. இதே நேரத்தில் விடுவிக்கப்பட்ட பிரான்ஸில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கரித்துக் கொட்டினார்கள்: விலை ஏற்றுகிறார்கள், அழுக்கு, நன்றி கிடையாது. ஜெர்மன் வீடுகளில் சுத்தம், வெந்நீர்க் குழாய், நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்ற பேச்சு வேறு. கடைசியில் ராணுவமே 112 குறைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி ஒரு கையேடு அச்சடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. யாருக்காக ரத்தம் சிந்தினார்களோ அவர்கள்மேல் எரிச்சல், யாரோடு சண்டை போட்டார்களோ அவர்கள்மேல் ஒட்டுதல். வெந்நீர்க் குழாய்க்கு இவ்வளவு சக்தி உண்டா என்று கேட்காதீர்கள், இருந்திருக்கிறது.

சரி, உங்கள் தாத்தா. "நம்பவே கூடாது" என்றதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்தபோது ஆங் சானின் பர்மிய விடுதலைப் படை ஜப்பானியரோடுதான் வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் எண்ணிலடங்கார், கொள்ளையும் அடியும் பட்டவர்கள் ஏராளம். உங்கள் தாத்தா படையில் சேர்ந்த காலத்தில் நம் ஊர்களில் அந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் போயிருப்பார். பர்மியர்களின் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது என்பதை நம் வீடுகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1930-களின் விலைச் சரிவில் கடன் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் நம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. தாத்தாவைப் பார்த்த பர்மிய விவசாயி முதலில் கண்டது அந்தக் கணக்கைத்தான் என்றால் அதிசயமில்லை. அப்புறம் 1945 மார்ச் 27 அன்று ஆங் சானின் படை ஜப்பானியருக்கு எதிராகவே திரும்பியது. ஆகவே தாத்தாவின் இரண்டு பேச்சில் ஒரு பகுதி, அரசியலே பக்கம் மாறியதால் வந்ததாக இருக்கலாம்.

ஆனால் அதைவிட முக்கியம் அவர் தொழில் என்று நான் ஊகிக்கிறேன், இது ஊகம்தான். சாப்பர் என்பவன் பாலம் போடுகிறவன், ரோடு போடுகிறவன். துப்பாக்கியோடு ஊருக்குள் புகுந்து தேடுகிற வேலை காலாட்படையுடையது. சாப்பருக்கு ஊர்க்காரர் வேண்டும். மூங்கில் எங்கே கிடைக்கும், மழைக்காலத்தில் ஆறு எந்த மட்டம் ஏறும், எந்தப் பாதை சகதியில் உட்காரும் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடிக்குப் போட்ட பெய்லி பாலம் (தயாராக வரும் இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுவது) அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம் என்று பெயர் வாங்கியது. அதற்குப் பின்னால் பெயர் வாங்காத நூற்றுக்கணக்கான சின்னப் பாலங்கள் மரத்தால் ஆனவை. மரம் இழுக்க யானைகள் வைத்திருந்தார்கள், யானையோடு உள்ளூர்ப் பாகன்களும் வந்தார்கள். தாத்தா அவர்களோடு வேலை பார்த்தவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவருடைய டிரங்குப் பெட்டியில் பே-புக்கும் (சிப்பாயின் சம்பளப் புத்தகம்) ஒரு நோட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டில் புரியாத சொற்கள் ஏதாவது தமிழ் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்த வரிசையில் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். 'யே' என்றால் தண்ணீர். 'ஊசி' என்று எழுதியிருந்தால் தைக்கிற ஊசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். பர்மிய மொழியில் யானைப்பாகனுக்கு அதுதான் பெயர்.